பெட்டிக்குள் இருந்த ரேடியோ: ஆழ்கடல் ஜெட் ஸ்கீ சாமான்கள், இரண்டு சீசன் கழித்து

முதலில் மதிப்பெண்களைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு கிளம்பிவிடலாம். வெட்சூட் என்கிற ரப்பர் உடை பத்துக்குப் பத்து. இரண்டாவதாக வாங்கிய லைஃப் ஜாக்கெட் ஒன்பது. முதலில் வாங்கியது மூன்று, அதுவும் மிதந்தது என்ற ஒரே காரணத்துக்காக. படகுகளோடும் கரையோடும் பேச உதவும் கையடக்க வி.எச்.எஃப் ரேடியோ எட்டு. கண்ணாடி ஆறு. கையுறை நான்கு, அதைப் பற்றிக் கடைசியில் புலம்புகிறேன். பி.எல்.பி. என்கிற அவசர பீக்கனுக்கு மதிப்பெண் இல்லை. ஒரு தடவைகூட அழுத்தாத பொத்தானுக்கு என்ன போடுவது?

இதெல்லாம் இரண்டு சீசன் உப்புத் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, திரும்ப ஊறிய சாமான்கள். கரையோரமாகப் பதினைந்து நிமிடம் வட்டமடித்துவிட்டு வருகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. நான் எழுதுவது கரை ஒரு கோடாக மெலிந்து, அப்புறம் அந்தக் கோடும் மங்கிப்போகிற தூரத்துக்குப் போய்வருவதைப் பற்றி. அது நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நம் கண் தண்ணீருக்கு மேலே ஒன்றேகால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, அந்த உயரத்துக்கு அடிவானமே 4 கிலோமீட்டர்தான், தாழ்வான மணல் கரையாக இருந்தால் பத்து நிமிட ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். (ஜெட் ஸ்கீ என்பது கவாசாகியின் வணிகப் பெயர், யமஹாக்காரர்கள் வேவ்ரன்னர் என்பார்கள், சீ-டூ வேறு கம்பெனி. ஆனால் எல்லாவற்றையும் ஜெட் ஸ்கீ என்றுதான் சொல்லிப் பழகிவிட்டோம், இங்கேயும் அப்படியே.)

சாமான்களின் பிராண்டு பெயரைச் சொல்லப்போவதில்லை. சிலவற்றில் குறை சொல்கிறேன், அந்தக் குறையில் பாதி என் உடம்பு வாகால் வந்ததாகக்கூட இருக்கலாம், தவிர மாடல்கள் அடிக்கடி மாறிவிடுகின்றன. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்கிறேன், பெயர் உங்கள் பாடு.

சரி, முதல் சீசனில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னால்தான் மதிப்பெண்கள் ஏன் இப்படி என்று புரியும்.

கரையிலிருந்து சுமார் 4 நாட்டிகல் மைல், அதாவது 7 கிலோமீட்டர் சொச்சம். நானும் நண்பனும், ஆளுக்கொரு வண்டி. காலையில் கண்ணாடி மாதிரி இருந்த கடல் பத்து மணிக்கு மேல் கிளறிவிட்டாற்போல் ஆனது, அலைகளின் தலையில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஒரு அலையின் முதுகில் ஏறி இறங்கினேன், அதற்குப் பின்னாலேயே இன்னொன்று குட்டையாகச் செங்குத்தாக வந்ததைக் கவனிக்கவில்லை, வண்டியின் மூக்கு அதில் குத்தியது, நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பக்கவாட்டில் போய் விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. ஆள் விழுந்தால் என்ஜினை நிறுத்துவதற்காக உடம்போடு கட்டியிருக்கும் கில் சுவிட்ச் கயிறு கச்சிதமாகக் கழன்றது, என்ஜின் நின்றது. எல்லாம் புத்தகத்தில் எழுதியிருக்கிறபடி நடந்தது.

புத்தகத்தில் எழுதாதது அதற்கு அப்புறம். நான் வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது வண்டி பத்து மீட்டர் தள்ளி இருந்தது. நீந்தினேன். பதினைந்து மீட்டர் ஆனது. தண்ணீருக்கு மேலே நிற்கும் அதன் உடம்பு முழுக்கக் காற்றுக்குப் பாய் மாதிரி, எனக்கோ தலை மட்டும்தான் வெளியே. போட்டிருந்த ஜாக்கெட் வேறு காது வரைக்கும் ஏறி, கையை வீசவிடாமல் தாடையை முட்டிக்கொண்டு நின்றது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், இங்கே வாலும் கைக்கு எட்டவில்லை. ரேடியோ? இருந்தது, நல்ல ரேடியோ, முழு சார்ஜில், வண்டியின் முன்பெட்டிக்குள் பத்திரமாக. மொபைலும் அதற்குப் பக்கத்தில். ஏட்டுச் சுரைக்காய் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

நண்பன் திரும்பிப் பார்த்து, என் வண்டி மட்டும் காலியாக ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டு, அதை நோக்கிப் போய், அங்கே ஆள் இல்லாமல், பிறகு காற்று வந்த திசையில் தேடிக்கொண்டு என்னிடம் வந்து சேர எட்டு நிமிடம். அவன் முதலில் சொன்னது, “என்னடா, நடுக்கடல்ல குளியல் போடுறியா?” இரண்டாவதாகச் சொன்னது, “ரெண்டு தடவை உன் பக்கத்துலயே போயிருக்கேன்டா, கண்ணுக்கே தெரியல.” நான் போட்டிருந்தது சாம்பலும் நீலமும் கலந்த ஜாக்கெட். கடையில் அழகாகத்தான் இருந்தது.

ஏன் ரேடியோ பெட்டிக்குள் போனது என்று யோசித்தால், காரணம் கவனக்குறைவு மட்டும் இல்லை. மாட்டிக்கொள்ள வசதியாக இல்லை, அவ்வளவுதான். ஜாக்கெட் பையில் வைத்தால் ஒவ்வொரு அலைக்கும் விலாவில் இடித்தது, முதல் அரை மணி நேரம் பொறுத்துக்கொண்டேன், அப்புறம் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். ஜாக்கெட்டின் கீழ் பட்டையையும் அக்குள் அறுக்கிறது என்று ஒரு சுற்று தளர்த்தியிருந்தேன், அதனால்தான் அது காதுக்கு ஏறியது. உடம்புக்கு ஒத்துவராத பாதுகாப்புச் சாமான் ஒரு மணி நேரத்தில் தளர்த்தப்படும், அல்லது கழற்றப்படும், அல்லது பெட்டிக்குள் போகும். விழுகிற நேரத்தில் உடம்பில் ஒட்டிக்கொண்டு இருப்பது எதுவோ அது மட்டும்தான் நம்முடையது, மீதியெல்லாம் வண்டியோடு போய்விடும். அன்றிலிருந்து எதை வாங்கினாலும் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்: மூன்று மணி நேரம் உடம்பில் கிடந்தால் இதை எடுத்து எறியத் தோன்றுமா?

ஜாக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். படகுக்காரர்கள் போடுகிற, கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பும் வகை ஜெட் ஸ்கீக்கு ஆகாது. மெலிசாக இருக்கிறது, வெயிலுக்கு இதம், எனக்கும் ஆசைதான். ஆனால் வேகத்தில் தண்ணீரில் மோதி மூச்சுத் திணறும்போது கயிற்றைத் தேட முடியாது, தானாக நிரம்பும் வகையோ அலை தெறித்து நனைந்தே நிரம்பிவிடக்கூடும். ஃபோம் வைத்ததுதான் வேண்டும், விழும் அடியையும் அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். லேபிளில் 50 நியூட்டன், 100 நியூட்டன், 150 நியூட்டன் என்று மிதப்புத் திறன் போட்டிருக்கும். 50 என்பது நீச்சல் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு. நினைவிழந்தவரின் முகத்தை வானம் பார்க்கத் திருப்பிவிடும் என்ற எதிர்பார்ப்போடு செய்யப்படுபவை 100ம் அதற்கு மேலும், ஆனால் அவை பருமனானவை, வண்டி ஓட்டும்போது கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கவிடாது, பின்னால் பார்க்க முடியாமல் ஓட்டுவதும் ஆபத்துதான். நான் நீந்துவேன், தனியாகப் போவதில்லை என்பதால் 50ஐ எடுத்தேன். இது என் கணக்கு. நீச்சல் வராத ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனால் கணக்கே வேறு.

இரண்டாவது ஜாக்கெட்டில் எனக்குப் பிடித்தவை: நெஞ்சில் ஜிப்போடு சேர்த்து நான்கு பக்கிள், அக்குள் பக்கம் அகலமாக வெட்டி ஓரத்தை நியோப்ரீன் என்கிற மெத்தென்ற ரப்பரில் மடித்துத் தைத்திருக்கிறார்கள், அதோடு தொடைக்கு நடுவே போகும் பட்டை ஒன்று. அந்தப் பட்டையைப் பார்த்து நண்பன் சிரித்தான், சிரிக்கட்டும், தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறாமல் இருப்பது அதனால்தான். கடையிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது: எல்லாப் பட்டையையும் இறுக்கிவிட்டு இரண்டு கையையும் தூக்குங்கள், கூட வந்தவரைத் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள், மூக்குக்கோ காதுக்கோ வந்தால் அந்த அளவு உங்களுக்கு இல்லை. நியோப்ரீன் நனைந்தால் இன்னும் கொஞ்சம் நெகிழும், அதனால் கடையில் லேசாக மூச்சைப் பிடிக்கிற மாதிரி இருந்தால் கடலில் சரியாக இருக்கும். நிறம் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு. அழகாக இல்லை. ஒரு மதிப்பெண் குறைந்தது விசில் வைக்கக் கொடுத்திருக்கும் வளையத்துக்காக, மிகச் சின்னது, விறைத்த விரலால் பிடிக்க முடியவில்லை, நானே ஒரு கயிற்றுத் துண்டைக் கட்டிக்கொண்டேன்.

கில் சுவிட்ச் கயிற்றை மணிக்கட்டில் மாட்டலாம், ஜாக்கெட்டில் மாட்டலாம். மணிக்கட்டுப் பட்டை நனைந்து தளர்ந்து கையோடு உருவிக்கொண்டு போவதைப் பார்த்த பிறகு நான் ஜாக்கெட்டின் வளையத்துக்கு மாறிவிட்டேன். சுருள் சுருளாக ஸ்பிரிங் மாதிரி இருக்கும் கயிறு நல்லது, நின்றுகொண்டு ஓட்டும்போதும் வீணாகக் கழன்றுவிடாது. இன்னொரு கயிறு உதிரியாக வேண்டும், அது இல்லாமல் வண்டி கிளம்பாது. உதிரியை எங்கே வைப்பது என்றால், இது ஒன்றுதான் பெட்டிக்குள் போகலாம்.

ரேடியோவுக்கு வருகிறேன். ரேடியோவில் குறை இல்லை, குறை வைத்த இடத்தில். இப்போது அது தோளுக்குக் கீழே, நெஞ்சின் மேல்பக்கப் பையில், சுருள் கயிற்றில் கட்டி, ஆன்டெனா கன்னத்தில் குத்தாமல் வெளிப்பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கிறது. தண்ணீரில் விழுந்தால் மிதக்கும், மிதக்கும்போது விளக்கு மின்னும். 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க அவசர அழைப்புக்கு அதுதான். 5 வாட் ரேடியோ என்றதும் எவ்வளவு தூரம் கேட்கும் என்று கடைக்காரர்கள் பெரிய எண்ணாகச் சொல்வார்கள், நம்பாதீர்கள். வி.எச்.எஃப் அலை நேர்கோட்டில் போகிற சாதி, எதிர்ப்பக்கம் உயரமான கோபுரத்தில் ஆன்டெனா இருந்தால் நன்றாகப் போகும், தண்ணீரில் தலை மட்டும் தெரிகிற ஒருவரிடமிருந்து இன்னொரு ஜெட் ஸ்கீக்காரருக்கு என்றால் சில கிலோமீட்டர்தான். இருந்தாலும் பக்கத்தில் இருக்கிற எந்தப் படகும் கேட்கும் என்பதுதான் இதன் பெருமை. மொபைலில் ஒருவரைத்தான் கூப்பிட முடியும், அதுவும் ஈர விரலுக்குத் திரை வேலை செய்தால். ஜி.பி.எஸ் இருக்கும் மாடலை எடுங்கள், சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் 70ஆம் சேனலில் டி.எஸ்.சி. என்கிற டிஜிட்டல் முறையில் நம் இருப்பிடத்தோடு அவசரச் செய்தி தானாகப் போகும். எட்டுதான் போட்டேன், ஏனென்றால் ஒலிபெருக்கித் துளைகளில் உப்பு அடைத்துக்கொண்டு குரல் கரகரக்கிறது, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் முக்கி உதற வேண்டியிருக்கிறது.

ரேடியோ எட்டாத தூரத்துக்குத்தான் பி.எல்.பி. ஆன்டெனாவை விரித்துப் பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சர்சாட் செயற்கைக்கோள்களுக்குச் சமிக்ஞை போகும், அங்கிருந்து மீட்புப் படைக்கு, குறைந்தது 24 மணி நேரம் விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். சந்தா எதுவும் கிடையாது, ஆனால் நம் பெயரிலும் வீட்டு போன் எண்ணிலும் பதிவு செய்திருக்க வேண்டும், நிறையப் பேர் அதைச் செய்யாமலே பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். சோப்புக்கட்டி அளவுதான், உடம்பில் இருப்பதே தெரியாது. நான் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் சொன்ன சாமான் இல்லை.

இப்போது பத்துக்குப் பத்து வாங்கிய வெட்சூட். சூடான கடலில் எதற்கு ரப்பர் சட்டை என்று நானும் கேட்டிருக்கிறேன். வண்டியின் பின்பக்கமோ கையுறைப் பெட்டிக்குப் பக்கத்திலோ ஒரு எச்சரிக்கை லேபிள் இருக்கும், நீச்சலுடை மட்டும் போதாது, வெட்சூட் கால்சட்டை அணியுங்கள் என்று அதில் இருக்கும். காரணம் குளிர் இல்லை. வேகமாகப் பின்பக்கம் விழும்போதோ, தண்ணீரைப் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் ஜெட் நாஸிலுக்கு நேரே விழும்போதோ, தண்ணீர் அவ்வளவு அழுத்தத்தோடு உடம்பின் கீழ்த் துவாரங்கள் வழியாக உள்ளே பாய்ந்து குடல் கிழிகிற அளவுக்குக் காயம் ஆகலாம். குறிப்பாகப் பின்னால் உட்கார்ந்து வருபவர்கள், அதிலும் பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். பேசக் கூச்சப்பட்டு யாரும் சொல்வதில்லை, வாடகைக்கு விடுகிற இடங்களில் அரை டிராயரோடு ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். சாதாரணத் துணி இதைத் தடுக்காது, நியோப்ரீன் தடுக்கும்.

பாதுகாப்புக்காக வாங்கினேன், வசதிக்காகக் காதலித்துவிட்டேன். உப்பும் ஈரமும் சீட்டின் உராய்வும் சேர்ந்தால் இரண்டாவது மணி நேரத்தில் உள்தொடை பச்சைக் காயமாக எரியும், நடக்கும்போது கால்களை விரித்து விரித்து வாத்து மாதிரி நடக்க வேண்டியிருக்கும், அந்த எரிச்சலில்தான் ஆள் சீக்கிரம் கரைக்குப் போக வேண்டுமென்று வேகம் கூட்டுவான், வேகம் கூட்டினால் விழுவான். வெட்சூட் போட்டதிலிருந்து அது சுத்தமாக இல்லை. முழங்காலிலும் பின்பக்கத்திலும் தையல் இல்லாத மாதிரிப் பார்த்து வாங்குங்கள். குளிர்ந்த நீர் என்றால் விஷயமே வேறு: திடீரென்று விழும்போது மூச்சு கட்டுக்கடங்காமல் இழுக்கும், அந்த முதல் ஒரு நிமிடத்தைத் தாண்டுவதுதான் பெரிய காரியம், பிறகு கைகால் சொன்ன பேச்சைக் கேட்பது சுமார் பத்து நிமிடம். வண்டியில் திரும்ப ஏறுவதாக இருந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஏறியாக வேண்டும்.

ஏறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பின்பக்கம் மடிந்து இறங்கும் படி இருந்தால் அதற்காகவே அந்த வண்டியை வாங்கலாம். நன்றாக இருக்கும்போது படி இல்லாமலே ஏறிவிடலாம், மூன்றாவது தடவை விழுந்த பிறகு கை நடுங்கும், நம் எடையோடு ஈர வெட்சூட்டின் எடையும் சேர்ந்துவிடும். வண்டி கவிழ்ந்து கிடந்தால் எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று பின்பக்க லேபிளில் அம்புக்குறி போட்டிருக்கும், மாற்றிப் புரட்டினால் என்ஜினுக்குள் தண்ணீர் போய்விடலாம். முன்னூற்றைம்பது, நானூறு கிலோ எடையை நடுக்கடலில் முதல் தடவையாகப் புரட்டிப் பழக வேண்டாம், கரைக்குப் பக்கத்தில் அமைதியான நீரில் என்ஜினை அணைத்துவிட்டு ஒரு நாள் பழகுங்கள்.

வண்டியைப் பற்றிக் கேட்கிறார்கள், எது வாங்கலாம் என்று. 300 குதிரைத்திறனைத் தாண்டிய வண்டிகள் இருக்கின்றன, ஆழ்கடலுக்கு அது முக்கியமே இல்லை, அலை இருக்கிற நாளில் பாதி வேகத்துக்கு மேல் யாரும் போக முடியாது. நீளமான, கனமான, மூன்று பேர் உட்காரும் உடம்பு வேண்டும், இரண்டு பேர்தான் போவோம் என்றாலும். அது அலையை வெட்டிக்கொண்டு போகும், குட்டை வண்டி அலை மேலே குதிக்கும். பிரேக் கட்டாயம். சீ-டூ 2009இல் ஐ.பி.ஆர். என்று கொண்டுவந்தார்கள், யமஹா பிறகு ரைடு என்று ஒன்று. இரண்டுமே நாஸிலுக்குப் பின்னால் ஒரு வாளி இறங்கித் தண்ணீரை முன்பக்கம் திருப்பிவிடும் ஏற்பாடு. இதைவிட முக்கியம், ஜெட் ஸ்கீக்குச் சுக்கான் கிடையாது, பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பித்தான் அது திரும்புகிறது, ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பீய்ச்சுவது நின்று ஹேண்டிலும் வெறும் கம்பிதான். பயத்தில் கையை எடுக்கிறவர்கள் நேராகப் போய் மோதுவது இதனால்தான். புதுசாக ஓட்டுகிற யாரையும் கடலுக்குள் கூட்டிப்போகும் முன் இதை மட்டுமாவது பத்துத் தடவை பழக்குங்கள்.

சீட் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அலையில் சீட்டை நம்பாதீர்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதத்தில் எடையைப் போட்டு, சீட்டை லேசாகத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அப்படியே உட்கார்ந்துகொண்டு ஒரு அலையிலிருந்து பொத்தென்று விழுந்தால் அடி முழுக்க முதுகெலும்புக்குப் போகும், முதுகெலும்பு நசுங்கிப்போனவர்கள் உண்டு. பின்னால் இருப்பவருக்கு அலை வருவது தெரியாது, அதனால் அவருக்கு இன்னும் மோசம், “அலை, அலை” என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன், பைத்தியம் மாதிரி இருக்கும், பரவாயில்லை. எதிரலையை நேராகக் குத்தாமல் கொஞ்சம் சாய்வாக ஏறுவது, பின்னாலிருந்து வரும் அலையை முந்தாமல் அதன் முதுகிலேயே உட்கார்ந்து வருவது, இவை இரண்டும் எந்தச் சொகுசு சீட்டைவிடவும் இடுப்பைக் காப்பாற்றும். என் வரம்பு பியூஃபோர்ட் என்கிற காற்று அளவுகோலில் 3, அதாவது 10 நாட் (மணிக்குப் பத்து நாட்டிகல் மைல்) வரைக்குமான காற்று, அங்கங்கே வெள்ளை நுரை. 4ஆம் எண்ணுக்குப் போய் எங்கே பார்த்தாலும் நுரையாக இருந்தால் வண்டியை இறக்குவதே இல்லை. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் காற்றில் இன்னும் ஜாக்கிரதை, கரையோரம் தட்டையாக ஏமாற்றும், போகும்போது தள்ளிக்கொண்டு போகும், வரும்போதுதான் கணக்குத் தீர்க்கும்.

அந்தக் கணக்கு பெட்ரோலில் வரும். சீ-டூ, யமஹா பெரிய வண்டிகளில் டேங்க் 70 லிட்டர், கவாசாகி அல்ட்ராவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க. படகுக்காரர்களின் பழைய விதி, இங்கேயும் அதேதான். 2023 ஆகஸ்டில் மொராக்கோவின் சைதியா கடற்கரையிலிருந்து ஜெட் ஸ்கீயில் போன நண்பர்கள் சிலர் வழிதவறி, பெட்ரோலும் தீர்ந்து, அல்ஜீரியக் கடலுக்குள் போய்விட்டார்கள். அந்நாட்டுக் கடலோரக் காவல்படை சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். சுட்டது வேறு விவகாரம், நான் சொல்ல வருவது அங்கே போய்ச் சேர்ந்த விதத்தை. நீரில் எல்லை தெரியாது, இருட்டில் கரையும் தெரியாது. பெரும்பாலான ஜெட் ஸ்கீகளில் இரவு விளக்கே கிடையாது, பகலில் மட்டும் ஓட்டச் செய்த வண்டி. சூரியன் சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் நான் கரையில் இருப்பேன்.

பிளாஸ்டிக் பையும் கயிற்றுத் துண்டும் இன்னொரு தலைவலி. அடிப்பக்கம் தண்ணீரை உறிஞ்சும் கிரில்லில் பை ஒட்டிக்கொண்டால் என்ஜின் உறுமும், வண்டி நகராது. என்ஜினை அணைத்து, கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் அடியில் கை விட வேண்டும். இதற்காக ஜாக்கெட்டில் முனை மழுங்கிய சின்னக் கத்தி ஒன்று தொங்குகிறது, இரண்டு சீசனில் நான்கு தடவை உதவியது.

கண்ணாடிக்கு ஆறு ஏனென்றால், போலரைஸ்டு கண்ணாடி தண்ணீரின் கூசலை அற்புதமாகக் குறைக்கிறது, மிதக்கும் பட்டை, முகத்தோடு ஒட்டும் ஃபோம், எல்லாம் சரி. ஆனால் என் வண்டியின் டிஸ்ப்ளே அதன் வழியாகப் பார்த்தால் கறுப்பாகத் தெரிகிறது, எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்க்கத் தலையைத் தோள் பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும். வாங்கும் முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டியின் திரையை ஒரு தடவை பாருங்கள், நான் பார்க்கவில்லை.

கடைசியாகக் கையுறை. முழு விரல் கையுறை போட்டால் கொப்புளம் வரவில்லை, ஆனால் ரேடியோ பொத்தானும் பக்கிளும் விரலுக்குத் தெரிவதில்லை, கழற்ற வேண்டியிருக்கிறது, ஈரத்தில் கழற்றினால் திரும்பப் போட முடிவதில்லை. அரை விரல் கையுறையில் பொத்தான் தெரிகிறது, ஆக்சிலரேட்டர் பிடிக்கும் விரலின் முதல் கணுவில் சரியாகத் துணி முடியும் இடத்தில் தோல் உரிகிறது. மூன்றாவது ஜோடியில் அந்த ஒரு விரலுக்கு மட்டும் பழைய வெட்சூட் துண்டை வெட்டிச் சுற்றித் தைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டு மணி நேரம் தாங்கியது, அதற்குப் பிறகு தையல் விட்டுவிட்டது, நைலான் நூலில் மறுபடி போட்டுப் பார்க்கிறேன்.